நாற்காலியை ஊருக்குச் சொன்ன நாள்

மே 12

கிழவா,

குளிர்காலம் நெருங்குகிற நேரத்தில் இன்று வெயில் அடித்தது. போர்வைகளை வேலியில் போட்டேன். உன்னுடையதையும் போட்டேன். உதறும்போது தும்மல் வந்தது, அழுகை வரவில்லை. இதுவே பெரிய விஷயம்.

நண்பகல் ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷமாக அந்த நேரத்துக்கு மைக்கைப் பிடித்துப் பழகிய கை. நீ கடலிலிருந்து கூப்பிடுவாய். "கிழவி, அடுப்புல என்ன? சொல்லு." நான், "உருளைக்கிழங்கு, வேற என்ன? சொல்லு." ஒருவர் பேசி முடித்ததும் "சொல்லு" என்று விட வேண்டும், அப்புறம்தான் மற்றவர் பேசலாம். வயர்லெஸ்ஸில் அது முறை. நீ போன பிறகு எனக்கு "சொல்லு" என்று விட யாரும் இல்லை.

அதனால் அந்தக் கைக்குப் பென்சிலைக் கொடுத்துவிட்டேன். இது நம் பிள்ளை யெர்கோ பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டு. மீதிப் பாதி எனக்கு. பிழை பார்க்காதே. நாலாம் வகுப்போடு என்னை ஆடு மேய்க்க அனுப்பினார்கள் என்பது உனக்குத் தெரியாததா.

மே 13

மழை. வேறொன்றும் இல்லை.

மே 19

உன் தம்பி ஒவிதியோ வந்தான். மாத்தே இலைக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். உறிஞ்சிக்கொண்டே கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் வயர்லெஸ் மேல் நான் போட்டு வைத்திருக்கும் பின்னல் துணியைப் பார்த்தான்.

"அண்ணி, அந்த ஏரியல் கம்பத்தை இறக்கிடவா? நீங்கதான் பேசறதில்லையே. காத்துல என்னைக்காவது கூரை மேல விழும்."

"விழட்டும்," என்றேன்.

"ஏன் அண்ணி?"

மாத்தேயில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினேன். நீ அந்தக் கம்பத்தை மேட்டில் நட்டபோது ராயென்கோ ஊர் முழுக்கச் சிரித்தது. பெண்டாட்டியிடம் பேசுவதற்கு இவ்வளவு உயரமா என்று கேட்டார்கள். உன் கூட்டாளி ரோசமேல் கார்கமோ மட்டும் எவ்வளவு சிரித்தான்! "எலிசியோ, இன்னும் ரெண்டு முழம் ஏத்து, பேதுரு சாமியே நேரா எடுத்துப் பேசுவாரு!" நீ கோபப்படவே இல்லை. ஏன் என்று எனக்குத்தான் தெரியும். நாற்காலியிலிருந்து, உன் அந்த ரகசிய மீன்பிடி இடத்திலிருந்து, கூப்பிட்டால் பாறை மறைத்துக்கொள்ளும், துறையில் யாருக்கும் கேட்காது. இந்த உயரம் இருந்தால்தான் என் காதுக்கு வரும். அந்தக் கம்பம் நாற்காலிக்காக நட்டது.

இதை எழுதலாமா? இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

மே 20

யெர்கோ நீ சொன்னபடியே செய்கிறான். நண்பகலில் எல்லாப் படகும் பொதுச் சேனலில் இடம் சொல்லும் அல்லவா? தெருவில் நடந்தால் எல்லா வீட்டு ஜன்னலிலும் அது கேட்கிறது. இன்று யெர்கோ "செம்மண் முனை" என்றான். செம்மண் முனை தெற்கே. பாறை மறைக்காத இடத்தில் நின்று இதைச் சொல்லிவிட்டு அவன் போனது வடமேற்கே, நாற்காலிக்கு. உன் குரல் மாதிரியே அலுத்துக்கொண்டு சொன்னான். பெருமையாக இருந்தது.

ரோசமேல் "நானும் அங்கதாண்டா பக்கத்துல இருக்கேன், உன்னைக் காணோமே" என்றான். அவனும் அங்கே இருந்திருக்க மாட்டான். இந்தத் துறையில் ஒருவன் கடலில் நின்று உண்மையான இடத்தைச் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

மே 26

உன் பூட்ஸைக் கொடுத்துவிடச் சொன்னாள் ரோசமேல் பெண்டாட்டி ஸுனில்டா. கொடுக்கவில்லை.

ஜூன் 2

இன்று உன்மேல் கோபம்.

ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டு, பேச ஒரு பிடி காற்று கிடைத்தால் அதில் என்ன சொல்வான் ஒரு மனிதன்? பெண்டாட்டியிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? நீ சொன்னது இது: "நாற்காலி. யெர்கோ, ஒவிதியோ ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லாத. ரோசமேலுக்கு மட்டும் செத்தாலும் சொல்லாத. பேதுரு சாமி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உடனே உன் முகம் லேசாயிற்று. கோபம் அதனால்தான். அதனால்தான் ஆறியும் போகிறது.

கல்யாணமான முதல் வருஷம் என்னை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப் போனாய், நினைவிருக்கிறதா? "கோயில் கோபுரம் மொட்டைப் பாறையோட தோளுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். அதே நேரம் ரெண்டு குன்றுக்கு நடுவுல எரிஞ்ச மரம் வந்து நிக்கணும். ரெண்டும் சேந்தா நாற்காலி." தண்ணீருக்கு அடியில் கல் படி மாதிரி இருக்கும், அந்தப் படியில் கொங்கிரியோ மீன்கள் பெரிய மனிதர்கள் மாதிரி சாய்ந்து கிடக்கும் என்றாய். தூண்டிலை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தாய். பாட்டா அது! வயிற்று வலி வந்த காளை கத்துவது போல. நான் காதைப் பொத்தினேன். "கரையில பாடினா கல்லால அடிப்பானுங்க. இங்க யார் கேக்கப் போறா?" என்றாய். நான் இருக்கிறேனே என்றேன். "நீ கல்யாணம் பண்ணிக்கிட்ட. இனி தப்பிக்க முடியாது."

அதற்கப்புறம் கரையில் ஒரு நாளும் நீ பாடிக் கேட்டதில்லை.

ஜூன் 8

இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். உயிரோடு. யெர்கோ அடுப்போரம் உன் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறான். குறட்டை. உன் குறட்டையேதான்.

பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9

எல்லாம் சொல்கிறேன். கேள்.

நேற்றுக் காலையில் கடல் நல்லதனமாகத்தான் இருந்தது. வடக்குக் காற்று இன்று காலையில்தான் வரும் என்று வானிலையில் சொன்னார்களாம். அதை நம்பி எல்லோரும் போனார்கள். யெர்கோவும் ஒவிதியோவும் நம் எர்மெலிந்தாவில். (படகுக்கு என் பேர் வைக்காதே என்று அன்றைக்கே சொன்னேன். "எர்மெலிந்தா இன்னைக்கு ரொம்ப ஆடுறா" என்று ரோசமேல் வயர்லெஸ்ஸில் சொல்லும்போதெல்லாம் உனக்குச் சிரிப்பு, எனக்கு மானம் போகும்.) நண்பகலில் யெர்கோ இடம் சொன்னான். செம்மண் முனை. வழக்கம்போல.

மதியம் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் படார் என்று அடித்தது. வடக்குக் காற்று. ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது, மழையையும் இழுத்துக்கொண்டு. படகுகள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன. மாவுக் கையோடு வாசலில் நின்று எண்ணினேன். எர்மெலிந்தா வரவில்லை.

ஸுனில்டா மேட்டில் ஏறி ஓடி வந்தாள், செருப்பு ஒரு காலில் மட்டும்.

"மதினி, உன் மகன் பதில் சொல்ல மாட்டேங்கறான்! எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டாங்க. கடற்படைப் படகு கிளம்பிடுச்சு. செம்மண் முனைக்குப் போகுது."

செம்மண் முனைக்கு. தெற்கே.

கிழவா, அவங்க போறது எங்க, என் பிள்ளை கிடக்கறது எங்க! தப்பு அவர்களுடையது இல்லை. அவன் சொன்ன இடத்துக்குத்தானே போகிறார்கள். நாமெல்லாம் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பொய்.

வயர்லெஸ் மேலிருந்த துணியை இழுத்துப் போட்டேன். குமிழைத் திருப்பினேன். இத்தனை வாரம் தொடாத பேட்டரி, செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. யெர்கோ என்னிடம் சொல்லாமலே அதைச் சார்ஜ் பண்ணி வைத்திருக்கிறான். அதற்காக அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இன்னும் செய்யவில்லை.

இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்காக உன்னோடு எத்தனை சண்டை! இரைச்சலை அடைக்கிற அந்தத் திருகை மூடு, காது வலிக்கிறது என்பேன். எல்லோரும் மூடித்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல குரல் வந்தால் மட்டும் கேட்கும். நீ மட்டும் திறந்தே வைப்பாய். "மெல்லிய குரல் அந்த இரைச்சலுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும் கிழவி." நான் மூடாமலே விட்டிருக்கிறேன். எனக்கே தெரியாது.

ஆபத்துச் சேனலில் ரோசமேல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "எர்மெலிந்தா, எர்மெலிந்தா, தம்பி யெர்கோ, சொல்லு." அவன் விட்டதும் இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே ஒரு இடத்தில் இரைச்சல் நின்றது. ஒரு நொடி. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

ஸுனில்டா, "ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"கேக்குது. யாரோ பொத்தானை அழுத்தறாங்க. பேச்சு வரல."

எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீ பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தியே வைத்திருப்பாய். அந்த நொடி எப்படி இருக்கும் என்று என் காதுக்குத் தெரியும்.

மைக்கை எடுத்தேன். மாவு ஒட்டிக்கொண்டது.

"யெர்கோ. நான் அம்மா பேசறேன். நீதானா? ஆமான்னா ஒரு தடவை அழுத்து. இல்லேன்னா ரெண்டு தடவை. சொல்லு."

ஒரு தடவை.

ஸுனில்டா என் தோளைப் பிடித்த பிடி இன்றும் வலிக்கிறது.

"சித்தப்பாவும் இருக்காரா?"

ஒரு தடவை.

"எஞ்சின் ஓடுதா?" இரண்டு. "தண்ணி ஏறுதா?" ஒன்று. அந்த ஒன்றை அழுத்த ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

துறைமுகத்து அதிகாரி நடுவே வந்தார். பதறாத குரல். "அம்மா, எங்களுக்கு அவரோட சத்தம் வரல. உங்களுக்கு மட்டும்தான் வருது. நீங்களே கேளுங்க. செம்மண் முனையிலதான் இருக்காரான்னு கேளுங்க."

கேட்டேன். இரண்டு தடவை. இல்லை.

"அப்ப எங்கன்னு கேளுங்கம்மா. கையில வச்சிருக்கற சின்ன செட்டா இருக்கும், பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது."

கிழவா, அந்தச் சேனலில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? எல்லோரும். கரையில் கட்டிய ஒவ்வொரு படகும், ஒவ்வொரு அடுப்படியும். அடுத்த துறைக்காரர்கள் கூட. நீ முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது. அதிலும் ரோசமேல் காதைத் தீட்டிக்கொண்டு.

உன் முகம் வந்தது. ஆஸ்பத்திரித் தலையணையில் லேசான அந்த முகம்.

யோசித்தேனா? யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் யோசித்தேன்.

"யெர்கோ, நாற்காலியிலயா இருக்கே? சொல்லு."

ஒரு தடவை. உடனே. காத்துக்கொண்டே இருந்த மாதிரி.

அதிகாரி, "நாற்காலின்னா எதும்மா?" என்றார். அவருக்கு எப்படித் தெரியும், அது நம் வீட்டுப் பேர். அப்போதுதான் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, கண்ணை மூடிக்கொண்டு: "கோயில் கோபுரம் மொட்டைப் பாறைத் தோளுக்குப் பின்னால. எரிஞ்ச மரம் ரெண்டு குன்றுக்கு நடுவுல." மழையில் கோபுரமாவது மரமாவது, என்ன தெரியப் போகிறது என்று அழுகை வந்தது. அவர், "பரவால்லம்மா, படத்துல கோடு போட்டா ரெண்டும் வெட்டற இடம் வந்துடும். வந்துடுச்சு. நங்கூரம் போட்டிருக்காரான்னு மட்டும் கேளுங்க," என்றார். கேட்டேன். ஒன்று. "அப்ப நகர்ந்திருக்க மாட்டாங்க. படகைத் திருப்பறோம். தெற்கேருந்து வரணும், நேரமாகும். அவரைத் தூங்க விடாம பேசிக்கிட்டே இருங்க."

அதற்குள் ரோசமேல் குரல். "நான் போறேன்."

அதிகாரி, "வழிக்குறிப்பைத் திரும்பச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். புரிஞ்சுது."

அவ்வளவுதான் பேசினான். ரோசமேல்! நாலு வார்த்தையில் பேச்சை முடித்தவன் ரோசமேல்! ஸுனில்டா "ஐயோ இந்த மனுஷன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து மாவைப் பிசைய ஆரம்பித்தாள், கை சும்மா இருக்க முடியாமல்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் வெட்கம். ரொட்டி உப்பவில்லை என்றேன். ஆடு வேலியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "உங்கப்பா பூட்ஸை இன்னும் யாருக்கும் குடுக்கல, உனக்குப் பத்துமா?" என்றேன். ஒன்று. "பொய் சொல்லாதடா, உன் கால் பெருசு." ஒன்று. ஊரே கேட்டது. ஒவ்வொரு தடவையும் "சொல்லு" என்று விடுவேன், இரைச்சல் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கிழவா, எத்தனை வாரம் கழித்து என் "சொல்லு"வுக்குப் பதில் வந்தது!

அப்புறம் பதில் வரவில்லை.

கூப்பிட்டேன். இரைச்சல். கூப்பிட்டேன். யெர்கோ, அழுத்துடா, ராசா, ஒரு தடவை அழுத்துடா — இரைச்சல், இரைச்சல், ஒரே இரைச்சல். ஸுனில்டா மாவை விட்டுவிட்டுச் செபம் சொன்னாள். நான் செபம் சொல்லவில்லை. உன்னைத் திட்டினேன். நாற்காலி, நாற்காலின்னு கட்டிக்கிட்டு அழுதியே, இப்ப வந்து பாரு! மன்னித்துக்கொள்.

வெளிச்சம் மங்கும் முன் ரோசமேல் குரல் வந்தது, மூச்சிரைக்க.

"மேட்டு வீடு, மேட்டு வீடு. ரெண்டு பேரையும் ஏத்தியாச்சு. பேட்டரிதான் செத்துச்சு, ஆளுங்க சாகல. தங்கச்சி, உன் மகன் என் புது பூட்ஸ் மேலயே வாந்தி எடுத்தான். எனக்கு எலிசியோவோட பூட்ஸ் வேணும், சொல்லிட்டேன். சொல்லு."

என்ன சொல்வது? "சரி" என்றேன். சேனலில் யாரோ விசில் அடித்தான், யாரோ அழுதான், அதிகாரி எல்லோரையும் அதட்டிச் சேனலைக் காலி பண்ணச் சொன்னார். சொன்ன அவர் குரலும் நன்றாக இல்லை.

எர்மெலிந்தா அங்கேயே மூழ்கிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போகட்டும். என் பேரில் ஒருத்தி உன் இடத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

ஜூன் 10

யெர்கோ எழுந்தான். இரண்டு தட்டு சூப் குடித்தான், மில்காவோ அடையில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பெரிய அலை எஞ்சினைப் பிய்த்ததாம். பெரிய செட் தண்ணீரில் போயிற்றாம். சின்ன செட்டின் மைக்கில் தண்ணீர் ஏறிப் பேச்சு வரவில்லையாம்.

அப்புறம் சொன்னான்: "ஒண்ணு வேடிக்கைம்மா. ரோசமேல் மாமா பாறையைச் சுத்திக்கிட்டு வரல. பாறைக்குப் பின்னால இருந்து, கல்லுக்கு நடுவுல புகுந்து நேரா வந்தாரு. கண்ணு தெரியாத மழையில. தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் வர்ற மாதிரி."

அதிர்ஷ்டம் என்றேன்.

"ஆனா அப்பாவோட இடம் போச்சேம்மா."

"இடத்தை வச்சு நாக்கு வழிக்கிறதா? தின்னு."

சத்தமாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் அத்தனை சத்தம் இல்லை.

ஜூன் 12

மூன்று படகுகள் நாற்காலிக்குப் போயின. மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் படுக்கையில் வேறொருவன் படுத்த மாதிரி இருந்தது.

ஜூன் 13

தூண்டில் கயிறெல்லாம் கல்லில் அறுந்து, கெட்ட வார்த்தையோடு திரும்பி வந்தார்கள். "அந்தக் கல்லு எலிசியோவைத் தவிர யாருக்கும் பிடி குடுக்காது" என்று ஒவிதியோ சொன்னான். பாவம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன்.

ஜூன் 17

இன்று நடந்தது ஒரு கூத்து.

பெலார்மினோ வந்தான். ஸுனில்டாவின் தம்பி, வாய் திறக்காதவன், அவனேதான். ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கதவருகே வைத்தான். உட்கார்ந்தான். மாத்தே குடித்தான். அடுத்ததும் குடித்தான். தொப்பியைக் கழற்றினான், போட்டான். கடைசியில், "அக்கா, ஒண்ணு சொல்லணும். கதவைச் சாத்துங்க," என்றான்.

ஐயையோ! நான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நீ போய்க் குளிர்காலம் கூட முடியவில்லை. அதுவும் பெலார்மினோவா!

"நான் மீன் பிடிக்கிற இடம்..." என்று ஆரம்பித்தான். மெதுவாக, காதோரம் குனிந்து, குறிகளோடு சொன்னான். "வயர்லெஸ்ல நான் சொல்றது பொய். உண்மை இதுதான். எனக்கு ஏதாவது ஆனா நீங்க சொல்லுங்க. ஆகலைன்னா சொல்லாதீங்க."

"என்கிட்ட ஏன் தம்பி? சத்தியத்தை உடைச்சவ நான்."

"அதனாலதான் அக்கா. எப்ப உடைக்கணும்னு உங்களுக்குத் தெரியுது."

கரண்டியைக் கீழே வைத்தேன். போகும்போது, "எதுக்குக் கரண்டி எடுத்தீங்க?" என்றான். சூப் கிண்ட என்றேன். அடுப்பில் சூப் இல்லை.

ஜூன் 23

இன்னும் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக.

ஜூன் 29

பேதுரு சாமி திருநாள். படகுகளுக்குக் காகிதப் பூ கட்டி, சாமியைப் படகில் ஏற்றிக் குடாவைச் சுற்றி வந்தார்கள். நான் சாமி முன்னால் போய் நின்றேன். அவர்மேல் பண்ணிய சத்தியம் ஆயிற்றே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மீன்காரர்தான், அவரும் தன் ஆண்டவரையே தெரியாது என்று ஒரு இரவில் மூன்று தடவை பொய் சொன்னவர். என்னைக் கோபித்துக்கொள்ள அவருக்கு வாய் ஏது?

இப்போது நண்பகலில் பொதுச் சேனலில் எல்லோரும் பழையபடி புளுகுகிறார்கள். புளுகி முடித்ததும் ஒவ்வொருவரும், "மேட்டு வீடு, இருக்கேன். சொல்லு," என்கிறார்கள். நான், "கேட்டுது," என்கிறேன். எந்தப் படகு உண்மையில் எங்கே நிற்கிறது என்று ராயென்கோவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பின்னல் துணியை மேஜை விரிப்பாக ஆக்கிவிட்டேன். ஒவிதியோ கம்பத்துக்குப் புதுக் கம்பி இழுத்துக் கட்டினான்.

ரோசமேல் மட்டும் வரவில்லை. ஸுனில்டா நச்சரிக்கிறாளாம். "என் இடம் என்னோட குழிக்குள்ள வரும்" என்கிறானாம். உன் கூட்டாளி அல்லவா, வேறெப்படி இருப்பான்.

ஜூலை 7

ரோசமேல் வந்தான்.

உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். ஆமாம், கொடுத்துவிட்டேன். போன வாரம். அவனுக்குப் பெரிதுதான், நடந்தால் தொப்தொப்பென்று சத்தம். மாத்தே வேண்டாம் என்றான். அடுப்பருகே நின்றுகொண்டே, "சத்தியம் பண்ணு," என்றான். பண்ணினேன். அப்போதும் நம்பாமல் ஜன்னலைச் சாத்தினான். சொன்னான்.

கிழவா, அந்த இடத்தை இங்கே எழுத மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் கேட்டதும் அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், கை சுட்டதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு மழையில் அவன் எப்படி நேராக வந்தான் என்று புரிந்தது.

கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"அங்க ஒரு கிழட்டுக் கடல்சிங்கம் இருந்துச்சு தங்கச்சி. பாறைக்கு அந்தப் பக்கம். கண்ணால பாத்ததில்ல. பனி மூடின காலையில ஆரம்பிச்சா, வயித்துவலி வந்த மாதிரி கத்திக்கிட்டே கிடக்கும். வருஷக்கணக்கா. சனியன் மீனை எல்லாம் விரட்டுதேன்னு திட்டியிருக்கேன். இந்தக் குளிர்காலம் சத்தமே இல்ல."

தொப்பியைத் திருகினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப அங்க வெறிச்சுன்னு இருக்கு," என்றான். தொப்தொப்பென்று இறங்கிப் போனான்.

கரையில் பாடாத அந்தக் கடல்சிங்கம் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமலே சொன்னானா? கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை அவனும் அழுவான், நானும் அழுவேன், ரொட்டி கருகிப்போகும். அவன் போன பிறகு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். யெர்கோ பயந்துபோய் ஓடி வந்தான், என்னம்மா, என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை என்றேன். சொல்ல முடியாதே.

யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் மனசு கிடந்து துடிக்கிறது, முப்பது வருஷம் நீங்கள் இரண்டு பேரும் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தீர்கள் என்று உன் காதில் போட. நண்பகல் ஆகிறது. பச்சை விளக்கு எரிகிறது. இரைச்சல் திறந்தே இருக்கிறது.

சொல்லு, கிழவா. உன்னிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகுமா?